அத்திமரமும் நம் கோயில் பள்ளிக்கூடமும்



லெந்து நாட்களில் வாரந்தோறும் ஆண்டவருடைய பாடுகளைத் தியானிப்பது நம் வழக்கம். இந்த வாரம் கோயிலின் வடபுறத்தில், ஓட்டுக்கூரையின் கீழ் நடைபெறும் நம் தொடக்கப்பள்ளியைக் குறித்து எழுதுகிறேன். இது லெந்து காலத்துக்கு அந்நியமான பொருள் என்று எண்ணவேண்டாம். 'லெந்து' என்னும் சொல்லே, பழைய ஆங்கிலத்தில் வசந்தகாலத்தைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்ததாகும். பாடுகளின் நாட்களும் தளிர்விடும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. நம் ஊரில் அவற்றோடு ஆண்டிறுதித் தேர்வும், அடுத்த ஆண்டுக்கான பள்ளிச் சேர்க்கையும் சேர்ந்து வருகின்றன. இந்த நான்கில் எதைக் குறித்து நம் வீடுகளில் அதிகமாகப் பேசப்படுகிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

பண்டிகை முடிந்தபின் கூடவிருக்கும் சபைக் கமிட்டியில், பள்ளியைத் தொடர்ந்து நடத்துவதா என்னும் கேள்வி எழும். இன்று அங்கே படிப்பவர்கள் 17 பிள்ளைகள். கற்பிப்பவர்கள் 2 ஆசிரியைகள். அந்த 17 பேரில் நம் சபைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் 3 பேர் மாத்திரமே. ஆகையால், "யாருக்காக ஐயா இதை நடத்துகிறோம்?" என்று கமிட்டி அங்கத்தினர் ஒருவர் என்னிடம் கேட்டபோது, அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. என் கருத்தை ஒளிக்காமல் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். வருகைப் பதிவேட்டை மாத்திரம் பார்த்து இதை முடிவு செய்யவேண்டாம். மாசி, பங்குனி மாதங்களில் அந்தப் பள்ளிக்குள் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைக் கண்ணாரக் கண்டபின் முடிவு செய்யுங்கள். கண்டபின், உங்களில் சிலராவது உங்கள் பிள்ளைகளை அங்கே சேர்க்கவேண்டும் என்றும் கேட்கிறேன்.

ஆண்டவர் பாடுபடுவதற்கு முந்தின நாட்களில், ஒலிவமலையின்மேல் உட்கார்ந்து சீஷர்களோடு பேசுகையில், அத்திமரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொன்னார் (மாற்கு 13:28). இரண்டாம் வருகையைக் குறித்த பிரசங்கங்களில் இப்பகுதியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் அதைச் சொன்ன காலத்தை நாம் கவனிப்பதில்லை. அது பஸ்கா சமயம். நாம் அங்கே அத்தி என்று வாசிப்பது நம் ஆற்றங்கரை அத்தியன்று. கடைகளில் உலர்பழமாக விற்கிறார்களே, அந்தச் சீமையத்தி. குளிர்காலம் முழுவதும் இலையுதிர்ந்து வெறுங்கொம்பாய் நிற்கும் அம்மரம், பாலஸ்தீனத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் தளிர்விடும். ஆகவே அவர் குறிப்பிட்ட மரம் அந்த வாரத்தில் அந்த மலைச்சரிவில் தளிர்த்துக்கொண்டிருந்த மரமே என்று கொள்வதற்கு இடமுண்டு. சீஷர்கள் தலையைத் திருப்பினால் கண்டிருப்பார்கள். காட்டுப்பூவும் அடைக்கலான் குருவியும் கடுகுவிதையும் புளித்தமாவும் மீன்வலையும் அவருடைய போதனைக்குள் வந்தது அவ்விதமே. கேட்பவர் அன்றாடம் தொட்டுப் பழகிய பொருளைக் கொண்டே பேசினார்.

நம் ஊருக்கு அத்தியைப் போல் வாய்த்தவை வேம்பும் புங்கும். இலக்கண நூல்கள் சித்திரை, வைகாசி மாதங்களை இளவேனில் என்று வகுக்கின்றன. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், நம் பிள்ளைகளுக்கு இளவேனில் முழுவதும் விடுமுறையில் போய்விடும். பள்ளிக்குக் கிடைப்பது அதன் வாசற்படி மாத்திரமே. மாசிக் கடைசியில் பள்ளி முற்றத்துப் புங்கமரம் இலைகளைக் கொட்டிவிட்டு, சில நாட்களுக்குள் கண்கூசும் பசுமையோடு நிற்கும். வேம்பு முதலில் செம்புநிறத் துளிரும், பின்பு வெள்ளைப் பூவும் கொள்ளும். மழை ஒரு துளியும் இல்லாத மாதத்தில் இது நடக்கிறது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, "தண்ணி யாரும் ஊத்தலையே, பின்னே எப்படித் துளிர்க்குது?" என்று ஆசிரியையிடம் கேட்டாள். ஆசிரியை உடனே விடை சொல்லவில்லை. சுவரோரம் கால்வாய் தோண்டிய இடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துப்போய், வேப்பமரத்தின் வேர் எவ்வளவு ஆழத்திலும் தென்படுகிறது என்பதைக் காட்டினார். மேலே மண் காய்ந்திருந்தாலும் கீழே ஈரம் இருக்கும் என்பதை அவர்கள் விரலால் தொட்டு அறிந்தார்கள். சங்கீதம் 1-ஐ மனப்பாடமாய்ச் சொல்லும் பிள்ளைகள் நம் ஓய்வுநாள் பள்ளியில் அநேகர் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் ஒரு வேரைத் தொட்டிருக்கிறார்கள்?

பள்ளி முற்றத்தில் நடப்பட்டிருக்கும் ஒரு கோலைக் குறித்தும் சொல்லவேண்டும். ஆராதனைக்கு வரும்போது சிலர் அதில் குடையை மாட்டிவிட்டுப் போகிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது ஒரு மீட்டர் உயரமுள்ள கோல். பொங்கல் விடுமுறை முடிந்தது முதல் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நண்பகலில் அதன் நிழலை அளந்து, சுவரில் ஒட்டிய தாளில் குறித்துவருகிறார்கள். ஜனவரிக் கடைசியில் நிழல் ஏறக்குறைய அரை மீட்டர் இருந்தது. பிப்ரவரி இருபதாம் தேதி வாக்கில் 36 சென்டிமீட்டர். இம்மாதம் 20-ஆம் தேதியளவில், பகலும் இரவும் சமமாகும் அந்நாட்களில், 15 சென்டிமீட்டராகும். ஏப்ரல் 12-ஐ ஒட்டி, நம் திருநெல்வேலிச் சீமையில், நண்பகலில் கோலுக்கு நிழலே இராது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதற்குப் பின் ஆகஸ்டுக் கடைசிவரை நண்பகல் நிழல் தெற்கே விழும்.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. உச்சிவேளை நம் கடிகாரத்தில் 12 மணிக்கு வருவதில்லை, ஏறக்குறைய 12.20-க்கு வருகிறது. இந்திய நேரம் நமக்குக் கிழக்கேயுள்ள ஒரு தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதே அதற்குக் காரணம். நம் கோயில் மணி அடிக்கும் நண்பகலும் சூரியன் காட்டும் நண்பகலும் இருபது நிமிடம் வேறுபடுகின்றன என்பதை, உபதேசியார் சொல்லியல்ல, ஒரு கோலும் சுண்ணாம்புக் கட்டியும் கொண்டு பத்து வயதுப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். அப்போது ஒரு சிறுவன், "இயேசு சாமி ஊரிலயும் நிழல் இல்லாமப் போகுமா டீச்சர்?" என்று கேட்டானாம். போகாது. எருசலேம் கடகரேகைக்கும் வடக்கே இருக்கிறது; அங்கே ஆண்டின் எந்த நாளிலும் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. இதைத் தலைமையாசிரியை என்னிடம் கேட்டு உறுதிசெய்ய வந்தபோது, நானும் தேசப்படத்தை எடுத்துவைத்துப் பார்த்துத்தான் சொன்னேன். ஒரு கேள்வி இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கும், அங்கிருந்து குருமனைக்கும் ஒரே நாளில் வந்துசேரும் பள்ளி எனக்குத் தெரிந்து இது ஒன்றே.

இளம்பிள்ளைகளின் கணக்குப் பாடத்திற்கு இந்த மாதத்தில் செலவேயில்லை. புளி உலுக்கும் காலமாதலால், வீடுகளில் கொட்டையெடுத்த புளியமுத்து நிறையச் சேர்ந்துவிடுகிறது. ஒரு சிரட்டை நிறையக் கொண்டுவரும்படி ஆசிரியை சொல்கிறார். பத்துப் பத்தாகக் கூட்டி வைத்து, பத்துக் கூட்டம் சேர்ந்தால் நூறு என்று காண்கிறார்கள். ஒற்றையா இரட்டையா விளையாடுகிறார்கள். 2022-இல் தமிழக அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், ஒரே வகுப்பிலுள்ள பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். பெயர் வைத்தவர் யாரோ, நல்ல தமிழுள்ளம் கொண்டவர்! அரும்பில் இருக்கும் பிள்ளையை யாரும் தோற்றவன் என்று சொல்வதில்லை. பூவாத செடியை யார் வைவார்கள்?

இனிப் பனையைக் குறித்து. நம் சபையின் பெரியவர்களுக்கு நான் பனையைக் குறித்து எழுதுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும் உங்கள் பேரப்பிள்ளைகளில் அநேகர், கருப்பட்டி மளிகைக்கடையில் பிறக்கிறது என்றே நினைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பனைத்தொழிலை விட்டு இளைப்பாறியிருக்கும் முதியவர் ஒருவரைத் தலைமையாசிரியை பள்ளிக்கு அழைத்திருந்தார். அவர் நம் சபையாரல்லர். பாளை அரிவாளும் ஒரு பழைய கலயமும் கொண்டுவந்திருந்தார். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவது எதற்காக என்று பிள்ளைகள் கேட்டார்கள். சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்றார். ஆசிரியை அங்கிருந்து பாடத்தை எடுத்துக்கொண்டு, புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சுண்ணாம்பில் வாழமாட்டா என்று விளக்கினார். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே நீர். கலயத்திற்குள் தடவிய ஒரு விரல் சுண்ணாம்பினால் ஒன்று குழந்தைக்குக் கொடுக்கும் பானமாகவும், மற்றொன்று வேறாகவும் ஆகிறது. இதை வைத்து நான் ஒரு பிரசங்கம் செய்யலாம். ஆனால் அன்று அந்தப் பிள்ளைகளுக்கு அது பிரசங்கமாக அன்றி, விஞ்ஞானப் பாடமாகவே வந்தது, அப்படியே இருக்கட்டும்.

அந்தப் பெரியவர் சொன்ன மற்றொரு காரியம் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பனையில் ஆண் வேறு, பெண் வேறு. அலகுப்பனையில் நுங்கு இல்லை, பருவப்பனையில்தான் நுங்கு. ஆனால் இரண்டிலும் பதநீர் உண்டு. வடலியாக நிற்கும்போது எது ஆண், எது பெண் என்று எவராலும் சொல்ல முடியாது. பாளை விடும்வரை, அதாவது பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள், காத்திருக்கவேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஆறு வயதுப் பிள்ளை எந்தப் படிப்புக்கு ஆவான், எதற்கு ஆகமாட்டான் என்று இப்போதே முடிவுகட்டி, அதற்கேற்ற பள்ளியைத் தேடி அலையும் பெற்றோரை நினைத்துக்கொண்டேன். அன்று பிற்பகலில் ஐந்தாம் வகுப்பு மாணவர் இருவர், எங்கிருந்தோ கிடைத்த நுங்குக் கூந்தலைக் கொண்டு வண்டி செய்து முற்றத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சும் சக்கரமும் பற்றிய பாடம் அதற்கு அடுத்த வாரம்தான் வரவிருந்ததாம்.

இவையெல்லாம் பெரிய பள்ளிகளிலும் நடக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நடக்கலாம், தடுப்பவர் யாருமில்லை. அங்கே கற்பிப்பவர்களில் பக்தியுள்ளவர்களும் திறமையுள்ளவர்களும் உண்டு; நம் சபையாரிலேயே சிலர் இருக்கிறார்கள். ஆனால் மார்ச் மாதத்தில் அப்பள்ளிகளின் நடைமுறை என்ன? காலை ஏழு மணிக்கு வேன் வருகிறது. முதல் வகுப்புப் பிள்ளைக்கும் திருப்புதல் தேர்வு. விளையாட்டுப் பாடவேளை நிறுத்தப்படுகிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பை ஒரு மரத்தடிக்கு அழைத்துச் செல்வதற்கு ஆசிரியர் அனுமதி பெறவேண்டும். அழைத்துச் சென்றால் எண்ணிப் பார்த்துத் திரும்பக் கொண்டுவருவதற்கே அந்த வேளை போதாது. மரமும் அநேகமாக இல்லை. தளிர்விடும் மாதத்தை நம் பிள்ளைகள் வேனின் ஜன்னல் கம்பிகளுக்கு ஊடாகக் காண்கிறார்கள். 17 பேர் என்பது நம் பள்ளியின் குறை என்று எழுதினேனா? கமிட்டிக் கணக்கில் அது குறைதான். முற்றத்தில் அதுவே அதன் பலம்.

குறைகளை மறைத்துப் பேசுவது போதகனுக்கு அழகன்று. ஆகையால் அவற்றையும் சொல்கிறேன். இரண்டு ஆசிரியைகள் ஐந்து வகுப்புகளை நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவர் கூட்டத்திற்கோ பயிற்சிக்கோ சென்றால், மற்றவர் ஒருவரே 17 பேரையும் ஐந்து பாடங்களையும் தாங்கவேண்டும். வருகையையும் மதிப்பீட்டையும் கைபேசியில் பதிவேற்றும் வேலை வேறு அவர்களுடைய நேரத்தை விழுங்குகிறது. ஆங்கிலம் போதுமான அளவு இல்லை என்பது உண்மை. வாசிக்கிறார்கள், எழுதுகிறார்கள், பேசுவதற்குக் கூச்சப்படுகிறார்கள். வெயிலும் சாதாரணமானதன்று. பத்தரை மணிக்குமேல் எவரையும் முற்றத்தில் நிற்கவிடக்கூடாது என்று தலைமையாசிரியை கண்டிப்பாக இருக்கிறார். நண்பகலில் நிழல் அளப்பவர்கள் மாத்திரம் இரண்டு நிமிடத்தில் அளந்துவிட்டு உள்ளே ஓடிவந்துவிட வேண்டும்.

இக்குறைகளில் பெரும்பாலானவை நம்மால் தீர்க்கக்கூடியவை. நம் சபையில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் எனக்குத் தெரிந்தே நால்வர் இருக்கிறார்கள். வாரத்திற்கு இரண்டு மணி நேரம் கதை சொல்லி, பேச்சுக் கொடுத்தால் போதும். பதிவேற்றும் வேலையில் உதவ நம் வாலிபர் சங்கத்தாரைக் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்கு விதி இடங்கொடாது என்றார்கள். போகட்டும். மரத்தடியில் ஒரு பந்தல் போடுவதற்கு விதி தேவையில்லை, நாலு கம்பும் ஓலையும் போதும்.

ஆனால் வாயால் சொல்லப்படாத ஒரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால், எழுதியதே வீண். "அங்கே யார் யாரோட பிள்ளைங்க படிக்குது" என்னும் பேச்சை நான் கேட்டிருக்கிறேன், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். செங்கல் சூளைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். தெற்குத் தெருப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் பிள்ளை அவர்களோடு ஒரே பாயில் உட்கார்வதை மனதிற்குள் விரும்பாமல், வெளியே ஆங்கிலத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் நமக்குள் சிலர் உண்டு. சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்தவர்கள்மேல் ஆண்டவர் விசனமடைந்தார் என்று மாற்கு எழுதுகிறார் (மாற்கு 10:14). அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று அங்கே எழுதப்படவில்லை. நற்கருணைப் பந்தியில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிற நாம், ஒரே பாயில் அரிச்சுவடி வாசிக்கக் கூச்சப்படுவோமானால், அந்தக் கூச்சத்தை இந்த லெந்து நாட்களில்தான் ஆண்டவர் சமுகத்தில் வைக்கவேண்டும். வீட்டிற்கு வீடு நான் இதைப் பேச ஆயத்தமாயிருக்கிறேன். என்மேல் கோபமுள்ளவர்கள் குருமனைக்கு வாருங்கள்; காப்பி உண்டு.

நம் சபையின் பிறப்பையும் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்றது எவ்விதம்? ஒரு முதிய உபாத்தியாயரைத் தம் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தும்படி கேட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார். அப்போது அவருக்கு வயது 24. அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. நம் கையிலிருக்கும் தமிழ் வேதாகமத்தின் தொடக்கம் ஒரு சிறிய பள்ளிக்கூடத்து மணலில் இருக்கிறது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயரின் காலத்திலும், நம் பனங்காட்டு ஊர்களில் ஜெபவீடும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே எழும்பின. அநேக ஊர்களில் இரண்டுக்கும் ஒரே கூரை. வாரநாட்களில் அரிச்சுவடி, ஞாயிறு ஆராதனை. நம் கோயிலின் பழைய கணக்குப் புத்தகத்தில் 'பள்ளிக்கூட ஓடு மாற்ற' என்று பெண்களின் பிடியரிசிக் காணிக்கையிலிருந்து எழுதப்பட்ட செலவை இன்றும் காணலாம். அன்று ஒவ்வொரு நாளும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைத்தவர்களில் பலருக்கு எழுத்து வாசனையே கிடையாது.

இப்போது நடைமுறையைச் சொல்கிறேன். பள்ளி மூடப்படுவது கமிட்டித் தீர்மானத்தினால் மாத்திரம் நடப்பதன்று. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். உதவிபெறும் பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையக் குறைய, ஆசிரியர் பணியிடம் உபரியாகக் கருதப்படும் அபாயம் உண்டு. ஓர் ஆசிரியை போனால், அடுத்த ஆண்டு பெற்றோர் இன்னும் தயங்குவார்கள். பின்பு கமிட்டி தீர்மானிக்க ஒன்றும் மீந்திராது. அரசுப் பள்ளிகளில் இவ்வாண்டு மார்ச் முதல் தேதியிலேயே சேர்க்கை தொடங்கிவிட்டது. தனியார் பள்ளிகள் அதற்கும் முந்தியே விண்ணப்பங்களைக் கொடுத்துவிட்டன. ஆகவே நம் பள்ளியைக் குறித்த மெய்யான தீர்மானம், கமிட்டி கூடும் முன்பே, இந்த மாதத்தில் உங்கள் சமையலறைகளில் எடுக்கப்படுகிறது.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு போய்விடுமே என்று இரண்டு குடும்பத்தார் என்னிடம் கேட்டார்கள். அந்த ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதே நிபந்தனை. ஐந்தாம் வகுப்புவரை நம் பள்ளியில் படிப்பதால் அது போகாது. காலை உணவும் 2024 ஜூலை 15 முதல் கிராமப்புறத்து உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நம் பள்ளியிலும் காலையில் உப்புமாவும் பொங்கலும் மணக்கின்றன. கட்டணம் இல்லை. வேன் தேவையில்லை.

எல்லாரும் இப்போதே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்தவில்லை. முதலாம் வகுப்புக்கு ஆயத்தமான பிள்ளைகள் நம் சபையில் இவ்வாண்டு ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தே சொல்கிறேன். அந்த ஒன்பது வீட்டாரும், வேறு எங்கும் பணம் கட்டுவதற்கு முன், ஒரு காலைப்பொழுது நம் பள்ளிக்கு வந்து உட்கார்ந்து பார்க்கும்படி கேட்கிறேன். ஒன்பது முதல் பத்தரை மணிவரை வந்தால் முற்றத்துப் பாடத்தைக் காணலாம். சொல்லிவிட்டு வரவேண்டிய அவசியமில்லை. சொல்லாமல் வருவதே நல்லது; சோடனை செய்ய ஒருவருக்கும் நேரம் கிடைக்காது.

அதற்கு முடியாதவர்களுக்கு ஏப்ரல் 12, சனிக்கிழமை இருக்கிறது. அதற்கு மறுநாள் குருத்தோலை ஞாயிறு. உயிர்த்தெழுந்த பண்டிகை சந்திரக் கணக்கைச் சார்ந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். மார்ச் 21-ஆம் தேதியிலோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு அது. இவ்வாண்டு பங்குனிப் பௌர்ணமியும் அதே 12-ஆம் தேதி இரவில் வருகிறது. அன்று காலை எட்டு மணிக்கு, பள்ளிப் பிள்ளைகள் 17 பேரும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து, பவனிக்காகப் பனங்குருத்தில் சிலுவை முடைவார்கள். முடையக் கற்றுக்கொடுக்கிறவர்களில் மூவர் சூளைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள். ஓலையில் கிலுகிலுப்பையும் கிளியும் செய்யக்கூட அவர்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் அவர்களிடம் கற்றுக்கொள்ளட்டும். குருத்தோலை வெட்டித் தரக்கூடியவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் உபதேசியாரிடம் சொல்லிவிடுங்கள். நூறு குருத்தாவது வேண்டும். கத்தரிக்கோல் சிறியதாக இருந்தால் நல்லது.

12.20-க்கு எல்லாரும் முற்றத்துக் கோலைச் சுற்றி நிற்போம். நிழல் இல்லாமற் போவதை நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் மணி பார்த்து அறிவிப்பான். முதியவர்களுக்கு வேப்பமரத்தடியில் நாற்காலிகள் போடப்படும். மோர் உண்டு, மகளிர் ஐக்கிய சங்கத்தார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சேர்க்கைப் பதிவேடு பள்ளி வராந்தாவில் மேசைமேல் திறந்திருக்கும். பிள்ளையின் ஆதார் நகலும் பிறப்புச் சான்றிதழும் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் பிள்ளையை மாத்திரம் கொண்டுவாருங்கள், மற்றவை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.